ஆயிரம் ரூபாய்க்குள் உடம்புக்குப் பொருந்தும் ஜீன்ஸ்

ஒரு ஜீன்ஸுக்கு நான் ஒதுக்குவது ஆயிரம் ரூபாய். தையல்காரரின் கூலியும் அதற்குள் அடக்கம். கீழே எழுதப்போகும் எல்லாமே இந்தக் கணக்கிலிருந்து வருவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் கடையில் கொடுத்துவிட்டு வந்தால், பிறகு தையலுக்குச் செலவழிக்க மனம் வராது. எழுநூறோ எழுநூற்றைம்பதோ துணிக்கு, மீதி தையலுக்கு என்று வீட்டிலேயே பிரித்துவைத்துக்கொண்டு கிளம்பினால், கடையில் தேட வேண்டியது என்ன, தேடத் தேவையில்லாதது என்ன என்பது தெளிவாகிவிடும்.

என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். ஜீன்ஸ் நிற்கும் இடத்தில் இடுப்பு 32 அங்குலம். தையல்காரர்கள் 'சீட்' என்று அளக்கும் பின்புறத்தின் அகன்ற இடத்தில் 43. பெரம்பூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். துப்பட்டாவும் அகலமான பேன்ட்டும் சக்கரத்தில் சிக்குமோ என்ற கவலை இல்லாமல் வண்டி ஓட்ட எனக்கு ஜீன்ஸ் வேண்டும். அழகுக்காக அணிவதும் நல்ல காரணம்தான். எனக்கு முதலில் பிழைப்பு.

என்னைப் போன்ற உடம்புள்ள பெண்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. தொடையில் ஏறும் ஜீன்ஸ் இடுப்பின் பின்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இடுப்பில் கச்சிதமாக இருக்கும் ஜீன்ஸ் தொடையைத் தாண்டாது. கடையில் உதவிக்கு நிற்பவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஜீன்ஸ் செட் ஆகாது, லெகிங்ஸ் பாருங்கள்" என்பார். இந்த வார்த்தையைக் கேட்டு மனம் நொந்து, ஆசைப்பட்டும் ஜீன்ஸே அணியாமல் விட்டுவிட்ட தோழிகள் எனக்கு உண்டு. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. உடம்பில் எந்தக் குறையும் இல்லை. கணக்கில்தான் இடிக்கிறது.

கணக்கு இதுதான். நான் பார்த்த அளவுப் பட்டியல்களில் பெரும்பாலும், இடுப்பைவிட சீட் எட்டு முதல் பத்து அங்குலம் வரை கூடுதலாக வைத்து வெட்டுகிறார்கள். 28 எடுத்தாலும் 36 எடுத்தாலும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய அதேதான். என் உடம்பில் வித்தியாசம் பதினொன்று. ஆக, எந்த எண்ணை எடுத்தாலும் ஏதோ ஓர் இடத்தில் இடிக்கும். ஜீன்ஸ் ஆண்களின் வேலை உடையாகத் தொடங்கியது என்பதும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லீவை ஸ்ட்ராஸும் செப்பு ரிவெட் அடித்த பேன்ட்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1873இல். லீவை ஸ்ட்ராஸின் நிறுவனம் பெண்களுக்கென்று தனியாக ஒரு ஜீன்ஸ் கொண்டுவர 1934 ஆகிவிட்டது. நேராக வெட்டிய இடுப்புப் பட்டி நேரான உடம்புக்குத்தான் ஒட்டி உட்காரும். இடுப்பு உள்வாங்கிய உடம்புக்கு, பட்டியை வளைவாக வெட்டியிருக்க வேண்டும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பட்டனைப் போட்டு ஜீன்ஸை மேசையில் பரப்புங்கள். பின்பக்கப் பட்டி ஒரே நேர்கோடாக இருந்தால் அது நேர் வெட்டு. நடுவில் லேசாக வளைந்திருந்தால் உங்கள் முதுகோடு ஒட்டி நிற்க வாய்ப்பு அதிகம். பட்டிக்குக் கீழே, பின்பாக்கெட்டுக்கு மேலே, முக்கோணம் போல ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதை யோக் என்பார்கள். அது நடுவில் நன்றாகக் கீழிறங்கிக் கூர்மையாக இருந்தால், பின்புறம் எடுப்பாக உள்ள உடம்புக்கு இடம்விட்டு வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். யோக் மட்டமாகப் போனால் இடுப்பில் இடைவெளி நிச்சயம்.

இவ்வளவையும் வைத்து நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றே ஒன்று: சீட்டுக்கும் தொடைக்கும் பொருந்துவதை வாங்க வேண்டும், இடுப்பைத் தையலில் பிடிக்க வேண்டும். தலைகீழாகச் செய்ய முடியாது. ரவிக்கையில் உள்தையல் விட்டிருப்பார்கள். உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். ஜீன்ஸில் துணியை மடித்துப் பூட்டி இரட்டைத் தையல் போட்டுவிடுவதால், பிரித்தாலும் உள்ளே துணி இருக்காது. தொடையில் இறுக்கமாக இருப்பதை எந்தத் தையல்காரராலும் தளர்த்த முடியாது. "போடப் போட இளகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இடுப்புப் பட்டி கொஞ்சம் இளகும். தொடையில் இளகுவதற்குள் தையலோரம் கிழியும்.

அளவு எடுப்பதற்கு வருகிறேன். உடம்பை அளப்பதைவிட, உங்களிடம் இருப்பதிலேயே ஓரளவு நன்றாகப் பொருந்துகிற ஒரு பேன்ட்டை அளப்பது நல்லது. ஜீன்ஸாக இருக்க வேண்டும் என்றில்லை; லைக்ரா என்ற இழுபடும் இழை கலக்காத பருத்தி பேன்ட் போதும். தரையில் சுருக்கமில்லாமல் பரப்பி, இஞ்ச் டேப்பால் இவற்றை எடுத்து அலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: பட்டியின் மேல்விளிம்பு, கால்கள் சேரும் தையலுக்கு மூன்றங்குலம் மேலே குறுக்களவு (இதுதான் சீட்), அதே தையலுக்கு ஓரங்குலம் கீழே தொடையின் குறுக்களவு. இம்மூன்றையும் இரண்டால் பெருக்க வேண்டும். பிறகு, கால்கள் சேரும் இடத்திலிருந்து முன்பட்டி வரையும் பின்பட்டி வரையும் உள்ள உயரம். கடைசியாக உள்கால் நீளம்.

இவற்றில் பெண்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது பின்பக்க உயரம். பெண்கள் பிரிவில் 'ஹை ரைஸ்' என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எழுதியிருப்பது பெரும்பாலும் முன்பக்க உயரத்தை வைத்துத்தான். ஸ்கூட்டரில் குனிந்து உட்காரும்போது சட்டைக்கும் ஜீன்ஸுக்கும் இடையே முதுகு தெரிவது பின்பக்க உயரம் போதாததால். எனக்கு முன்னால் பத்தரையும் பின்னால் பதினான்கரையும் இருந்தால் நாள் முழுவதும் பட்டியை மேலே இழுத்துவிடும் வேலை இல்லை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். உங்கள் எண் உங்களுக்குத் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

கையில் இந்தக் குறிப்பு இருந்தால் லேபிளில் உள்ள எண் தேவைப்படாது. 32 என்று எழுதிய ஜீன்ஸை டேப்பால் அளந்தால் 33, 34 வருவது சர்வசாதாரணம். ஒரே கடையில் ஒரே எண் கொண்ட இரண்டு மாடல்கள் இரண்டு அளவில் இருக்கும். டிரையல் ரூம் இல்லாத கடைகளில், பட்டியைக் கழுத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்வார்கள். முனைகள் தொட்டால் இடுப்புக்குச் சரி என்பார்கள். அது சொல்வது இடுப்பை மட்டும், அதுவும் குத்துமதிப்பாக. நமக்குத் தெரிய வேண்டியது சீட்டும் தொடையும். கைப்பையில் இஞ்ச் டேப் இருக்கட்டும். கடையில் எடுத்து அளந்தால் சிலர் முகம் சுளிப்பார்கள், அளந்தே வாங்குங்கள்.

குறித்த அளவைக் கடைத் துணியோடு ஒப்பிடும்போது துணியில் எவ்வளவு இழுவை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முழுப் பருத்தி என்றால் சீட்டில் உடம்பின் அளவைவிட ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்கார முடியாது. லைக்ரா கலந்தது என்றால் உடம்பைவிட இரண்டங்குலம் குறைவாக இருந்தாலும் நன்றாகவே இருக்கும். எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா மூன்றும் ஒரே இழைக்கு வழங்கும் பெயர்கள்தான். உள்பக்க லேபிளில் பருத்தி 98, எலாஸ்டேன் 2 என்று இருந்தால் நான் தயங்காமல் எடுப்பேன். நான்கு, ஐந்து சதவீதம் என்று ஏறினால் கடையில் உடம்போடு ஒட்டி அழகாக இருக்கும். சில மாதங்களில் முட்டியில் பை தொங்கும். பாலியஸ்டர் கலந்தால் வடிவம் குலையாது, ஆனால் சென்னை வெயிலில் வியர்வை வெளியேறாது. கால் பங்குக்கு மேல் பாலியஸ்டர் இருந்தால் வைத்துவிடுகிறேன்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று: முட்டிப் பகுதியில் நான்கு விரல் அகலத் துணியைக் குறுக்காக இழுத்துப் பிடித்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் நல்ல துணி. சுருங்காமல் அலையாக நின்றால் அது முதல் மாதமே தளரும். துணியின் கனத்தையும் பாருங்கள். டெனிமை அவுன்ஸில் சொல்வார்கள். 12 அவுன்ஸ் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம். அது குளிர் ஊருக்கு ஏற்றது. நம் ஊருக்கு ஒன்பது, பத்து அவுன்ஸ் போதும். மழைக்காலத்தில் ஒரே நாளில் காய்ந்தும்விடும்.

கறுப்பு, கருநீலம் எடுக்கும்போது ஈரக் கைக்குட்டையால் உள்மடிப்பில் தேய்த்துப் பாருங்கள். இண்டிகோ நூலின் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே நிற்கும் சாயம். அதனால்தான் ஜீன்ஸ் அழகாக வெளுக்கிறது. அதே காரணத்தால் வெள்ளைக் குர்தியின் ஓரத்திலும் ஸ்கூட்டர் சீட்டிலும் ஒட்டும். லேசாக ஒட்டினால் பரவாயில்லை. கைக்குட்டை கருநீலமாக மாறினால் வேண்டாம்.

எங்கே வாங்குவது? ஜீன்ஸுக்காகத் திருப்பூர் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். திருப்பூர் பனியன் ஊர். காதர்பேட்டையில் டி-ஷர்ட், லெகிங்ஸ், இரவு உடை வாங்கினால் பணத்துக்கு மதிப்பு. டெனிம் அந்த ஊரின் தொழில் அல்ல. அங்கே ஜீன்ஸ் மாதிரி கிடைப்பது பெரும்பாலும் பின்னல் துணியில் செய்த ஜெகிங்ஸ். டெனிம் துணி நெய்வதில் பெரிய ஊர் அகமதாபாத். தைப்பதில் கர்நாடகத்தின் பல்லாரியும் பெங்களூரும், மும்பைக்கு அருகே உல்லாஸ்நகரும், டெல்லியும். சென்னை மொத்தக் கடைகளில் "இது பல்லாரி சரக்கு, அது டெல்லி சரக்கு" என்று கடைக்காரர்களே பிரித்துச் சொல்வார்கள். பல்லாரி சரக்கு விலை குறைவு. தையல் சில சமயம் அவசரமாக இருக்கும், துணி மோசமில்லை. ஐந்நூறு ரூபாய்க்குள் நல்லதைப் பொறுக்கி எடுக்கலாம்.

எனக்குப் பழக்கமானது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. பேரம் பேசலாம். வார நாளில் காலையில் போனால் கூட்டம் குறைவு, எடுத்துக்காட்டுபவருக்கும் பொறுமை இருக்கும். பல கடைகளில் அணிந்து பார்க்க இடம் கிடையாது, திருப்பி வாங்கவும் மாட்டார்கள். அதனால் என் அளவுகளைக் குறித்துக்கொண்டு போகும் நாட்களில் மட்டும்தான் அங்கே ஜீன்ஸ் பார்ப்பேன். தி. நகரில் ரங்கநாதன் தெருவை ஜீன்ஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நெரிசலில் நிதானமாக அளக்க முடியாது. ஜூடியோ, மேக்ஸ் போன்ற கடைகளில் டிரையல் ரூம் உண்டு, ஆயிரத்துக்குக் கீழே வகைகளும் உண்டு. பெரிய பிராண்டுகள் ஜூன், ஜூலையிலும் டிசம்பர், ஜனவரியிலும் பாதி விலைக்கு இறங்கும். முதல் வாரத்திலேயே 30, 32, 34 தீர்ந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு முன் ஆயிரத்தைத் தாண்டினாலே 12 சதவீதம் இருந்தது. என் ஆயிரம் ரூபாய்க் கணக்கைத் தாண்டினாலும், தள்ளுபடியில் ஆயிரத்து இருநூறுக்கு வரும் நல்ல பிராண்டை நான் இப்போது முன்போல் வேண்டாம் என்று தள்ளுவதில்லை.

'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' (ஏற்றுமதியில் மிஞ்சியது) என்று லேபிளைப் பாதி வெட்டி விற்பவற்றில் அருமையான ஜீன்ஸ் கிடைக்கும். ஆனால் அது ஏன் மிஞ்சியது என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு கால்களையும் வெளிச்சத்தில் சேர்த்துவைத்து நிறம் ஒன்றா என்று பாருங்கள். ஜிப்பைப் பலமுறை ஏற்றி இறக்குங்கள். பிறகு ஜீன்ஸைப் பரப்பி, வெளிப்பக்கத் தையல் கணுக்கால் வரை பக்கவாட்டிலேயே போகிறதா என்று கவனியுங்கள். டெனிம் சாய்வான கோடுகளாக நெய்த துணி. சரியாகப் பதப்படுத்தாவிட்டால் துவைக்கும்போது கால் முறுக்கிக்கொண்டு, அந்தத் தையல் முன்பக்கம் வந்துவிடும். ஒருமுறை முறுக்கிய காலைத் தையல்காரராலும் நேராக்க முடியாது.

இணையத்தில் வாங்குகிறவர்கள் உடம்பு அளவுப் பட்டியலைத் தாண்டி 'உடையின் அளவு' என்று தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் சீட் அளவு இல்லாத ஜீன்ஸை நான் வாங்குவதில்லை. விமர்சனங்களில் வாங்கியவர்களே போட்ட படங்களைப் பார்ப்பேன், குறிப்பாகப் பின்பக்கம் தெரியும் படங்களை. திருப்பி எடுத்துக்கொள்வார்களா, பணமாகத் தருவார்களா, அவர்கள் தளத்திலேயே செலவழிக்க வேண்டிய வரவாகத் தருவார்களா என்பதையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

அணிந்து பார்க்க இடம் இருந்தால் கண்ணாடி முன் நின்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். குந்தி உட்காருங்கள். இடமிருந்தால் சம்மணம் போட்டு உட்காருங்கள். நாம் தரையில் உட்காருகிறவர்கள், ஜீன்ஸும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும். ஒரு காலை மடித்து வண்டியில் ஏறுவதுபோல் தூக்குங்கள். முன்பக்கம் தொடை சேரும் இடத்திலிருந்து விசிறிபோல் கோடுகள் விரிந்தால் தொடையில் இறுக்கம். பின்பக்கம் சீட்டுக்குக் கீழே துணி மடிந்து தொங்கினால் அங்கே துணி அதிகம். முன்பாக்கெட்டின் வாய் திறந்து நின்றால் சீட் போதவில்லை. இடுப்புக்குப் பின்னால் கை நுழைகிறதா? இரண்டு அங்குலம் வரை கவலைப்படாதீர்கள், அது தையல்காரரின் பாடு.

என்னைப்போல் உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு வழி: 'ஆங்கிள் லென்த்' (கணுக்கால் நீளம்) என்று விற்பதை எடுங்கள். பிறருக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்பது நமக்கு முழு நீளம். வெட்டவே வேண்டாம், முட்டியின் வளைவும் நம் முட்டியிலேயே வரும். அடியில் விரிகிற பூட்கட்டை வெட்டிக் குட்டையாக்கினால் விரிவே போய்விடும். நேர்க்கால் ஜீன்ஸை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம்.

வாங்கியதும் தையல்காரரிடம் ஓடாதீர்கள். முதலில் வீட்டில் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். சுருங்குவது சுருங்கிவிடட்டும்.

ஜீன்ஸுக்கு ரவிக்கை தைக்கும் கடை சரிவராது. பதினாறு அல்லது பதினெட்டாம் எண் ஊசியும், அடுக்கடுக்கான துணியைத் தாங்கும் இயந்திரமும் வேண்டும். தெருமுனையில் 'ஆல்டரேஷன்' பலகை வைத்திருக்கும் ஆண்கள் பேன்ட் தையல்காரர்கள்தான் இதில் கைதேர்ந்தவர்கள். நான் போகும் பெரியவர் பெரம்பூரில் ஒரு மாடிப்படியின் கீழே இயந்திரம் வைத்திருக்கிறார். இடுப்பைப் பிடிக்க அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பின்பக்க நடு பெல்ட் லூப்பைப் பிரிக்கிறார். பட்டியை நடுவில் வெட்டுகிறார். சீட் தையலைப் பாதிவரை பிரித்து, மேலே அதிகமாகவும் கீழே போகப் போகக் குறைவாகவும் பிடித்து, யோக்கின் இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் சேருமாறு தைக்கிறார். பட்டியைச் சேர்த்து, ஒட்டுத் தெரியாமல் அதன் மேலேயே லூப்பை வைத்து மூடிவிடுகிறார். கூலி 150 ரூபாய். "அம்மா, ரெண்டு இஞ்ச்சுக்கு மேல் கேட்காதீர்கள், பாக்கெட் ரெண்டும் முட்டிக்கொள்ளும்" என்பார். அது உண்மை. அதற்கு மேல் பிடித்தால் பக்கத் தையலும் பின்னால் இழுபடும்.

இருபக்கமும் மடிப்பு வைத்துப் பட்டியோடு சேர்த்துத் தைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். சீக்கிரம் முடியும், கூலியும் குறைவு. ஆனால் முதுகில் இரண்டு முடிச்சு உறுத்தும். அதற்குப் பதில் பின்பட்டிக்குள் எலாஸ்டிக் நுழைக்கச் சொல்லுங்கள். பிள்ளை பெற்று உடம்பு ஏறி இறங்கும் காலத்தில் இருப்பவர்களுக்கு அதுவே மேல். வெட்டாமல் வேலை முடிகிறது.

நூல் நிறத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பொன்னிற நூல் அவரிடம் இல்லையென்றால் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நீளம் குறைப்பதாக இருந்தால், 'அடி விளிம்பை அப்படியே வைத்து ஒட்டிக்கொடுங்கள்' என்று கேளுங்கள். வெளுத்த பழைய விளிம்பு மறுபடி அடியிலேயே வரும், வெட்டியது தெரியாது.

பாக்கெட்டுக்கும் வழி உண்டு. 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 2018இல் அமெரிக்காவின் பிரபலமான இருபது பிராண்டுகளின் ஜீன்ஸை அளந்து பார்த்தது. பெண்களின் முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு என்று அது கண்டது. நம் கடைகளில் வாங்கினாலும் அலைபேசி பாதிதான் உள்ளே போகிறது. பாக்கெட்டின் உள்பை வெறும் பருத்தித் துணி. அடித்தையலைப் பிரித்து நான்கங்குலம் துணி சேர்த்துத் தைக்க என் தையல்காரர் எண்பது ரூபாய் வாங்குகிறார். அலைபேசி, வண்டிச் சாவி, சில்லறை எல்லாம் அடங்குகிறது. ஒரு பெண் கைவீசி நடக்க எண்பது ரூபாய் செலவழிக்கலாம்.

துவைப்பதைப் பற்றிச் சுருக்கமாக: உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், நிழலில் உலர்த்தல். லைக்ராவுக்குச் சூடு ஆகாது. கொதிக்கும் நீரும் உச்ச சூட்டில் இஸ்திரியும் வேண்டாம்.

தொடை பெருத்தவர்களின் ஜீன்ஸ் முதலில் தேய்வது உள்தொடையில்தான். ஓட்டை விழும்வரை காத்திருக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஜீன்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நீலம் போய் வெள்ளை இழைகள் மட்டும் தெரியத் தொடங்கினால் அப்போதே கொடுத்துவிடுங்கள். உள்பக்கம் பழைய ஜீன்ஸின் துண்டு ஒன்றை வைத்து, மேலே அதே நீல நூலால் நெருக்க நெருக்கமாக ஓட்டித் தருவார்கள். துண்டு தேய்ந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓரங்குலமாவது போக வேண்டும். சரியாக அந்த அளவுக்கே வெட்டி வைத்தால் அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும். என் ஜீன்ஸ் ஒவ்வொன்றும் இப்படி ஒட்டுப்போட்ட பிறகு இன்னும் ஓர் ஆண்டுக்குக் குறையாமல் வந்திருக்கிறது. ஒட்டுக்கு வேண்டிய துண்டுக்காக, நீளம் குறைக்கும்போது வெட்டிய கால்துணியைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.